ஆவியாகிப் பதியும் நிறம்

ஊர்க் கபடி அணியின் பனியனைத் தடவிப் பாருங்கள். பெயர், எண், புலிப்படம் எதுவும் விரலில் தட்டாது. சாயம் துணிமேல் ஒட்டியிருக்கவில்லை, இழைக்குள்ளேயே இருக்கிறது.

சப்ளிமேஷன் பிரிண்டிங் என்பார்கள். படத்தை இடவலமாகத் திருப்பி முதலில் காகிதத்தில் அச்சிடுவார்கள். அப்போது பார்த்தால் மனசே ஒடிந்துபோகும்: சிவப்பு செங்கல்பொடி மாதிரி இருக்கும், கறுப்பு வெளிறிக் கிடக்கும். அந்தக் காகிதத்தைப் பாலியஸ்டர் துணிமேல் கவிழ்த்து, ஹீட் பிரஸ்ஸில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம்போல அழுத்துகிறார்கள். திடச்சாயம் திரவமாகாமலேயே ஆவியாகி, சூட்டில் நெகிழ்ந்த இழைக்குள் புகுந்து, ஆறியதும் அங்கேயே தங்கிவிடுகிறது. காகிதத்தை உரிக்கும் அந்தக் கணம்தான் எனக்கு உயிர். மங்கிக் கிடந்த சிவப்பு பளீரென்று எழுந்து நிற்கும்! எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

பருத்தியில் இது பிடிக்காது. போட்டோ போட்டுத் தரும் பீங்கான் கோப்பைக்கும் பாலிமர் பூச்சு வேண்டும். இதில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது துணியின் சொந்த நிறம். ஆகவே அணிக்குப் பனியன் அடிக்கக் கொடுக்கும்போது, வெள்ளைப் பாலியஸ்டர்தானா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.