உப்பை எண்ணெய் கரைக்காது: துப்பாக்கிக் குழலுக்கான திரவங்கள்

சுட்டு முடித்த துப்பாக்கிக் குழலுக்குள் படிவது ஒரே வகை அழுக்கு அல்ல. மருந்து எரிந்த கரி, தோட்டா உரசிவிட்டுப் போன செம்பு அல்லது ஈயம், தோட்டாவின் கேப்பிலிருந்து (பற்றவைக்கும் மூடியிலிருந்து) வரும் உப்பு ஆகிய மூன்றும் அங்கே சேரலாம். ஒன்றைக் கரைக்கும் திரவம் இன்னொன்றைத் தொடாது. ஆகவே குப்பியின் மேல் அச்சிட்ட பெயரைவிட, குழலில் என்ன படிந்திருக்கிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்கிறது.

உப்பின் சேட்டை சிவகாசி வட்டாரத்துக்குப் பழக்கமானதுதான். தீக்குச்சித் தலையில் உள்ள பொட்டாசியம் குளோரேட், பழைய .303 தோட்டாக்களின் கேப்பிலும் பாதரச ஃபல்மினேட், ஆன்டிமனி சல்ஃபைடு ஆகியவற்றோடு இருந்தது. எரியும்போது குளோரேட் ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடாகி எஃகில் ஒட்டுகிறது. சமையல் உப்புக்கு நெருங்கிய உறவான இது எண்ணெயில் கரையாது. எண்ணெய் பூசினால் உப்புக்கு மேல் ஒரு போர்வை விழும், அவ்வளவே. அடியில் துரு ஏறிக்கொண்டிருக்கும்.

இதைச் சோதிப்பது எளிது. மெருகிட்ட இரும்புத் தகட்டில் இரண்டு இடங்களில் எரிந்த தீக்குச்சித் தலையின் சாம்பலைத் தேய்க்க வேண்டும். ஓரிடத்தை எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து, மற்றதை வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசி, மழைக்காலத்தில் சில நாள் திண்ணையில் விட்டால் போதும். பிரிட்டிஷ் இராணுவம் .303 லீ என்ஃபீல்டு ரைஃபிளின் குழலுக்குள் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றியதன் காரணம் தகட்டிலேயே தெரியும்.

பொட்டாசியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 சதவீதத்தைத் தொட்டால் தானாகவே நீர்த்துவிடும். விருதுநகர்க் கோடைப் பகலில் அந்த அளவை நினைத்துப் பார்க்கவும் முடியாது. பட்டாசுத் தொழிலுக்குத் தோதாக அமைந்த அதே வறட்சி துப்பாக்கி வைத்திருப்பவரை ஏமாற்றிவிடுகிறது. பங்குனி, சித்திரையில் பளபளத்த குழல் ஐப்பசி அடைமழையில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

கரிமருந்து நிரப்பிச் சுடும் பழைய வாய்வழித் துப்பாக்கியில் நிலைமை இன்னும் மோசம். வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த அந்த மருந்தில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும். அந்த எச்சத்திலுள்ள பொட்டாசியம் கார்பனேட் 43 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கும். இதற்கு வெந்நீரும் கொஞ்சம் சோப்பும்தான் மருந்து. விலையுயர்ந்த கரைப்பான் எதுவும் இந்த வேலையில் அவற்றை மிஞ்சாது.

புதிய தோட்டாக்களின் கேப்பில் பெரும்பாலும் குளோரேட் இல்லை. அங்கே கரியும் உலோகமுமே பிரச்சினை. மண்ணெண்ணெய் கரியை நன்றாக இளக்கும், மலிவு. ஆனால் உலர்ந்தபின் துருவைத் தடுக்கப் போதிய படலத்தை விடாது. 1903-இல் வந்த ஹாப்பிஸ் நம்பர் 9 என்ற கரைப்பான் கரியைக் கரைப்பதோடு செம்பையும் ஓரளவு இளக்கும். கடினமான செம்புப் படிவுக்கு அம்மோனியா மிகுந்த கரைப்பான் வேண்டும். அதைக் குழலில் ஊறவிட்டு மறக்கக் கூடாது, வெண்கலத் தூரிகையையும் அது அரிக்கும். என்சிசி மாணவர்கள் சுடும் .22 ரைஃபிளில் படிவது ஈயம். அம்மோனியாவுக்கு அது அசையாது. தூரிகையால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், பிறகு கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. டபிள்யூடி-40 நீரை விரட்டப் பிறந்தது. கழுவிய குழலின் ஈரத்தைத் துரத்த அது நல்லது. நிலையான மசகாக நம்பத் தக்கதல்ல. 1904-இலிருந்து ஜெர்மனியில் தயாராகும் பாலிஸ்டால் என்ற எண்ணெய் நீரோடு பால்போலக் கலக்கும். உப்புக்கும் கரிக்கும் சேர்த்து ஒரே குப்பிதான் வேண்டும் என்பவருக்கு அதுவே பொருத்தம்.

மசகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெய் போதும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகிப் போல்ட்டை இறுக்கும். தேங்காய் எண்ணெய் காறிப்போய் அமிலம் சேரும். கரிசல் புழுதியில் எண்ணெய் வழிய விடுவதும் தவறு, தூசியோடு சேர்ந்து அது அரப்பொடியாகிவிடும். விரலில் பட்டும் படாமலும் இருந்தால் சரியான அளவு. போல்ட்டின் தாங்கு முகங்களுக்கு மட்டும் துளி கிரீஸ்.

குழலில் தோட்டா இல்லை என்று பார்த்த பிறகே இவற்றில் எதையும் தொடங்க வேண்டும். பட்டாசு ஆலையில் பொறி பறக்கும் என்று இரும்புக் கருவிகளை விலக்குவார்கள். இங்கே பித்தளைக் கம்பியைத் தேர்வது குழலின் உட்புறம் கீறாமலிருக்க. மருந்து புழங்கும் அறைக்கு அருகே மண்ணெண்ணெய்க்கும் எண்ணெய்த் துணிக்கும் இடமில்லை. குளோரேட்டும் எண்ணெயும் சேர்ந்தால் விபரீதம்.

தேர்தல் காலம் தனிக் கணக்கு. உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மக்களவைத் தேர்தல் மார்ச் 16-இல் அறிவிக்கப்பட்டு, ஜூன் 4-இல்தான் வாக்குகள் எண்ணப்பட்டன. அத்தனை நாள் கை படாமல் கிடக்கப்போகும் குழலுக்கு மெல்லிய எண்ணெய் நிற்காது. உப்பு நீக்கி உலர்த்திய பின் தடித்த துருத்தடுப்பு எண்ணெய் பூச வேண்டும். தோலுறையும் கான்வாஸ் உறையும் ஈரம் பிடிக்கும் என்பதால் அவற்றுக்குள் வைத்துக் கொடுப்பது நல்லதல்ல. திரும்பி வந்ததும், சுடுவதற்கு முன் குழலையும் தோட்டா அறையையும் உலர்ந்த துணியால் துடைத்து அந்த எண்ணெயை முழுதும் எடுத்துவிட வேண்டும்.