வண்டியின் அடிப்பக்கம்

போன மாதம் ஈப்போ ஞாயிறு சந்தையில் 1959 காடிலாக் ஒன்று வாங்கினேன். ஹாட் வீல்ஸ் மாதிரி. பின்னால் சுறாத் துடுப்பு போல இரண்டு இறக்கைகள், அவற்றில் தோட்டா வடிவச் சிவப்பு விளக்குகள். அமெரிக்கர்கள் 'ஃபுல் சைஸ்' என்று சொல்லும் வண்டிகளின் உச்சம் இதுதான் என்பார்கள் சேகரிப்பாளர்கள். எனக்கும் மறுப்பில்லை. ஆனால், இந்த மாதிரியை ஒரு பிரதியாக வாசித்தால் எது தங்குகிறது, எது தொலைகிறது?

முதலில் அளவு. நான் பொறியாளன், வெர்னியரை எடுக்காமல் இருக்க முடியாது. அசல் வண்டியின் நீளம் 225 அங்குலம், சுமார் 5.7 மீட்டர். 1:64 விகிதத்தில் 8.9 செ.மீ. வர வேண்டும். என் கையில் இருப்பது அந்த நீளம் இல்லை. எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒரே பிளாஸ்டிக் குமிழுக்குள் அடங்க வேண்டும் என்பதால் பெரிய வண்டி கூடுதலாகச் சுருங்குகிறது. 1:18 மாதிரிகளில் இந்தக் குறை இல்லை, ஆனால் 32 செ.மீ. வண்டிக்கு என் அறையில் இடமும் இல்லை, பையில் காசும் இல்லை. பெரிசாக இருப்பதுதான் அந்தக் காரின் அர்த்தமே. மலிவு மாதிரி முதலில் வெட்டிப்போடுவது அதைத்தான்.

அடுத்தது, அடிப்பக்கம். 2008 முதல் ஹாட் வீல்ஸ் வண்டிகளின் அடித்தகட்டில் ஒரு குறியீடு இருக்கிறது. எழுத்து ஆண்டைச் சொல்லும், எண் வாரத்தைச் சொல்லும். கண்ணைச் சுருக்கி அதைப் படிக்கும் நண்பர்கள், அதே தகட்டில் மலேசியாவின் பெயர் இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பினாங்கு, பிறையில் மாட்டல் தொழிற்சாலை இருக்கிறது. ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலை பிடித்தால் இரண்டு மணி நேரம். நாம் 'அமெரிக்க ஏக்கம்' என்று கொண்டாடுவதைப் பக்கத்து மாநிலத்தில் யாரோ ஷிப்டு பார்த்து வார்க்கிறார்கள்.

மூன்றாவது, டயர். சாதாரண வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் சக்கரம்தான். 1983இல் வந்த 'ரியல் ரைடர்ஸ்' வரிசையில்தான் ரப்பர் டயர். அதற்குக் கூடுதல் விலை, கூடுதல் மவுசு. இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது. பாட்டி சுங்கை சிப்புட் பக்கத் தோட்டம் ஒன்றில் இருபது வருசத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பெரட்டுக்கு விடியுமுன்னே போய் நின்றவர். வண்டியைக் காட்டினேன்.

"என்னாய்யா இது, படகாட்டம் இருக்கு?"

"உங்க பாலெல்லாம் இதுக்கு டயரா போயிருக்கும் பாட்டி."

"கப்பலுக்குப் போவுதுன்னு கிராணி சொல்வாரு. அதுக்கு மேல யாரு கேட்டா?"

நான் சொன்னது அவ்வளவு சரியில்லை. 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்து ரப்பர் நின்றுபோனதும், அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1959 காடிலாக் ஓடிய காலத்தில் அமெரிக்க டயர்களில் அதன் பங்கு பெரிது. அதற்கு முன்பு, 1920களில், உலக ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்காவே வாங்கியது. அதை வெட்டியது பாட்டியின் அப்பா தலைமுறை. என் உருக்கமான கதைக்கு வேறு கார் தேவைப்படுகிறது: இறக்கையில்லாத, கறுப்பு ஃபோர்டு மாடல் டி.

நான் படித்த தோட்ட நாவல்கள் பாலை ஸ்டோர் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திவிடும். கார் மாதிரிகளோ ஷோரூமில் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கடல் யாருடைய அலமாரியிலும் இல்லை. பாட்டி வெட்டிய மரங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. சேகரிப்பதை நான் நிறுத்தப்போவதில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு தேடப்போவது மாடல் டி. கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன்.