சதாவதானியும் பாவலரும்

இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலரின் (1874–1950) பெயர் எழுந்தால், 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் நிகழ்த்திய சதாவதானமே நம் விழா மேடைகளில் பேசப்படுகிறது. முதுகில் விழும் கற்களை எண்ணுதல், மணியோசையைக் கணக்கிடுதல், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடித்தல் முதலியன அவதானக் கலையின் கூறுகள். இத்தகைய நூறு கவனகங்களை ஓரமர்வில் ஏற்றதனை “இறையருள்” என்று கூறி முடித்துவிடுகிறோம். அறிவனைத்தும் இறையருளே, அதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வருள் எவ்வழியில் செயற்பட்டதென ஆராயாது விடுதல் பாவலருக்குச் செய்யும் நீதியாகாது.

மனம் ஒரு சமயத்தில் ஏறத்தாழ ஏழு கூறுகளையே ஏந்தும் என 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். ஆனால் ஒரு கூறு எழுத்தாகவும் இருக்கலாம், சொல்லாகவும் இருக்கலாம். 1973இல் சேஸ், சைமன் என்னும் இருவர் சதுரங்க வல்லுநரை ஆராய்ந்தனர். மெய்யான ஆட்டத்தின் காய்நிலையைச் சில நொடி கண்டே வல்லுநர் மீண்டும் அடுக்கினர். முறையின்றி இறைத்த காய்களிலோ புதியவரினும் பெரிதாக மேம்படவில்லை. கற்றதன் அமைப்பே நினைவின் வலிமை என்பது இதனால் விளங்கும்.

இதனைக் காண ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. பீர்க்கன்கரணைச் சாலையோரத் தேநீர்க் கடைக்காரர் எண்மர் கேட்டதை எழுதாமலே தருகிறார். ஸ்ட்ராங், லைட், சர்க்கரை இல்லாதது என்று அவர் மனம் வகுத்துக்கொள்கிறது. தராவீஹ் தொழுகையில் ஹாபிழ் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுபோல் அமைந்த வசனங்கள் பிரியும் இடமே. பின்நிற்பவர் ஒரு சொல் எடுத்துக் கொடுத்தால் ஓட்டம் மீள்கிறது.

பாவலரிடத்தும் இதுவே நிகழ்ந்திருத்தல் வேண்டும். யாப்பும் எதுகையும் ஊறிய நெஞ்சிற்கு ஈற்றடி வெறுஞ்சொற்களாக வருவதில்லை; பாதி முடிந்த செய்யுளாகவே வருகிறது. அவ்வூறலின் சான்றை மண்டபத்தில் தேட வேண்டா. உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு அவர் எழுதிய உரையில் தேடுக.

சதாவதானி என்ற பட்டம் பாவலர் என்ற பெயரை மறைத்துவிட்டது. அவர் வித்தையைப் போற்றும் நாம் அவர் உரையைப் புரட்டுவதில்லை. நூறு பொருளில் கவனம் வைத்தவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, அவருடைய ஒரு நூலிலேனும் நம் கவனத்தை வைப்பதே. பிள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லும் பெற்றோர், அவ்வுரையின் ஒரு பக்கத்தையும் உடன் படித்துக் காட்டுவாராக.