பேய்மகன்மேற் பிறந்த பேரன்பு

நாடகத்தை ஆராயப் புகுவோர் கதையின் அமைப்பையும் பாத்திரங்களின் பண்பையும் உரையாடலின் திறத்தையும் எடுத்து ஆராய்வர். அந்நாடகத்தைக் கண்டு, அதில் வரும் ஒருவன்மீது அளவிறந்த அன்பு பூண்ட இரசிகனை ஆராய்வார் அரியர். அவ்வன்பு பேதைமையின் பாற்பட்டது என்றும், கலையறிவு முதிர முதிரத் தானே அகன்றுவிடும் என்றும் ஒதுக்கிவிடுதலே பெருவழக்கு. ஆயினும், இரசிகனின் அன்பு ஒரு பாத்திரத்தின் ஊழையே மாற்றிய வரலாறும் உண்டு. ஆதர் கொனன் டொயில் 1893ஆம் ஆண்டிற் கொன்றுவிட்ட ஷெர்லொக் ஹோம்சை, வாசகரின் ஆர்வத்துக்கு இணங்கி 1903ஆம் ஆண்டில் உயிருடன் மீட்டுக்கொடுக்க நேர்ந்தமை பலரும் அறிந்ததே. அதனினும் வியத்தகு நிகழ்ச்சி ஒன்று 1967ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நிகழ்ந்தது. அங்கே இரசிகர் காத்தது துப்பறியும் மேதை ஒருவனை அன்று. பிணப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து மனிதர் குருதியை உண்ட காட்டேறி ஒன்றை.

‘இருண்ட நிழல்கள்’ எனப் பொருள்படும் ‘டார்க் ஷடோஸ்’ என்பது அத்தொடர் நாடகத்தின் பெயர். டான் கேர்ட்டிஸ் என்பார் படைத்த இந்நாடகம் 1966ஆம் ஆண்டு யூன் 27ஆந் திகதி தொடங்கி 1971ஆம் ஆண்டு ஏப்பிரில் 2ஆந் திகதிவரை, ஏ.பீ.சீ. நிலையத்தாரால் வார நாள்களிற் பிற்பகல் வேளையில் அரைமணி நேரம் ஒளிபரப்பப்பட்டது. மொத்தம் 1,225 அங்கங்கள். புகைவண்டியிற் செல்லும் இளம்பெண் ஒருத்தியைத் தாம் கனவிற் கண்டதாகவும், அக்கனவே கதைக்கு வித்தாயிற்று என்றும் கேர்ட்டிஸ் கூறியுள்ளார். மேயின் மாநிலக் கடற்கரையிலுள்ள கொலின்வூட் என்னும் பழைய மாளிகைக்கு, ஒரு சிறுவனுக்குக் கல்வி புகட்டும் ஆசிரியையாக அப்பெண் வருகின்றாள். ‘ஜேன் அயர்’ முதலிய ஆங்கில நாவல்களைக் கற்றோர்க்கு இவ்வழி புதியதன்று. தொடக்க மாதங்களில் நாடகத்தை விரும்பினோர் தொகை மிகுதியாக இல்லை. ஆவிகளை அழைத்துப் பார்த்தனர். சிறிது பயன் கண்டது. முடிவில், 1967ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், புதையல் தேடிய வில்லி லூமிஸ் என்னும் கயவன் கல்லறையினுள்ளே சங்கிலியாற் பிணிக்கப்பட்டுக் கிடந்த பெட்டியைத் திறந்தான். உள்ளிருந்து ஒரு கை நீண்டு அவன் கழுத்தைப் பற்றிற்று. அக்கை பார்னபஸ் கொலின்சினுடையது.

சிறிது காலம் அச்சுறுத்திய பின்னர், காட்டேறிக் கதைகளின் மரபுப்படி நெஞ்சில் முளை அறைந்து அவனைக் கொன்றுவிடுதலே கேர்ட்டிஸின் திட்டம். ஆனால் காண்போர் தொகை பெருகிற்று, கடிதங்கள் குவிந்தன. பாடசாலை விட்டதும் ஓடோடி வீடு சேர்ந்து தொலைக்காட்சிப் பெட்டியின்முன் அமர்ந்ததை அந்நாளிற் சிறுவராயிருந்த அமெரிக்கர் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். அவனுடைய கோரைப்பற்கள்கூட விளையாட்டுப் பொருளாய்ப் பெட்டியிலடைத்து விற்கப்பட்டன. மரிலின் ரொஸ் என்னும் புனைபெயரில் ஒருவர் இக்கதைமாந்தரை வைத்து முப்பதுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். 1969ஆம் ஆண்டில் வெள்ளை மாளிகையிற் சிறுவர்க்கு நிகழ்ந்த விருந்து ஒன்றுக்கு, அப்பாத்திரத்தை நடித்த ஜொனதன் பிரிட் வேடத்துடனேயே சென்றிருந்தார். கொல்லப்படவேண்டிய காட்டேறி குழந்தைகளின் விருந்தினனாயிற்று என்றால், இடையில் நிகழ்ந்தது யாது?

அச்சம் தோன்றும் நிலைக்களன் நான்கு எனக் கூறும் தொல்காப்பியர் அவற்றுள் அணங்கினை முதற்கண் வைத்தார். அழுகையின் நிலைக்களன்களை எண்ணுமிடத்து இழவினையும் ஒன்றாக எண்ணினார். இவ்விரண்டும் வெவ்வேறு மெய்ப்பாடுகள். ஒன்றினைத் தோற்றுவிக்கும் பொருள் மற்றையதனையும் தோற்றுவித்தல் அரிது. ‘டிராகுலா’ என்னும் நாவலை 1897ஆம் ஆண்டில் வெளியிட்ட பிராம் ஸ்ரோக்கர் தம் காட்டேறியை முற்றிலும் அணங்காகவே நிறுத்தினார். அக்கோமகனுக்காக அழுதவர் இலர். பார்னபசின் செய்தி வேறு. அவன் அணங்காக வந்து இழந்தவனாக நின்றான். இம்மாற்றத்துக்கு அவனே முதல்வன் எனக் கூறுதல் பொருந்தாது. 1840களில் இலண்டனில் மலிவு விலைத் தொடராக வெளிவந்த ‘வார்னி’ என்னும் கதையிலேயே தன் நிலைக்கு வருந்திய காட்டேறி ஒருவன் தோன்றி, எரிமலையிற் குதித்து மாண்டான். வார்னியும் தொடர்கதையிற் பிறந்தவன் என்பது கருதத்தக்கது. நெடுநாட் பழக்கம் பேயையும் அயலானாக்கிவிடும் போலும்.

பார்னபசின் இழவு இன்னது என்பதை 1967ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய கிளைக்கதை விரித்துரைக்கின்றது. இந்நாடகத்தின் சிறந்த பகுதி இதுவே. ஆவியை அழைக்கும் வட்டத்தில் அமர்ந்த ஆசிரியை திடீரென மறைந்து 1795ஆம் ஆண்டிற் போய் நிற்கின்றாள். அங்கே பார்னபஸ் பேயல்லன். செல்வக்குடியிற் பிறந்த இளைஞன். மார்ற்றினீக் தீவிலிருந்து வரும் ஜோசெட் என்பாளை மணக்கக் காத்திருக்கின்றான். அவளுடைய பணிப்பெண் அஞ்செலிக். அப்பெண்ணோடு முன்னர் உறவாடிப் பின்னர் அவளை வேண்டாதவனாக நடந்தவன் அவனே. அவளோ சூனியம் வல்லவள். அவள் இயற்றிய மாயத்தால் ஜோசெட் வேறொருவன்பால் மனந்திரிகின்றாள். பார்னபஸ் அவனை இருவர் போரிற் கொல்கின்றான். ஈற்றில் அஞ்செலிக் இட்ட சாபத்தால் அவன் இறந்தும் இறவாதவனாகின்றான். அதன்பின் வருவன யாவும் இழவே. அவனது கோலத்தைக் கண்டு அஞ்சி ஓடிய சிறு தங்கை சாரா நோயுற்று இறக்கின்றாள். ஜோசெட் மலைமுகட்டிலிருந்து வீழ்ந்து மடிகின்றாள். உண்மை அறிந்த தாய் நஞ்சுண்கின்றாள். தந்தையோ, மகனை அழிக்கக் கையெழாமல், அவனைப் பெட்டியில் அடைத்துச் சங்கிலியிடுவிக்கின்றான். வில்லி திறந்த பெட்டி அதுவே.

முற்றும் நல்லவனும் அல்லாத, முற்றும் தீயவனும் அல்லாத ஒருவன் தன் பிழையொன்றால் வீழ்தலே அவலத்துக்கு ஏற்றது என அரிஸ்ரோட்டில் வகுத்த இலக்கணம் இங்கே பெரிதும் பொருந்தி நிற்கின்றது. அஞ்செலிக்கைக் கைவிட்ட பிழை சிறிதன்று. ஆயினும் பெற்ற தண்டனை பிழையின் அளவினும் பெரிது. தந்தையின் செயலைக் கண்ட இரசிகன், பல மாதங்களுக்கு முன் தான் கண்டு நடுங்கிய கை எக்கையென்று இப்போதே அறிகின்றான். அறிந்தபின் அக்கையை வெறுத்தல் அவனுக்கு இயலவில்லை. இவ்வாறு முதலில் விளைவையும் பின்னர்க் காரணத்தையும் காட்டியது எழுத்தாளரின் முன்யோசனையன்று. வளர்ந்துவிட்ட பாத்திரத்துக்குப் பின்னால் ஓடிச்சென்று வரலாறு தேடிக்கொடுத்த அவசரத்தின் விளைவு. அவசரத்திற் பிறந்த கலையும் கலையே.

நடிப்பைப் பற்றியும் சில கூறல் வேண்டும். பிரிட் கனடாவில் ஹமில்ரன் நகரிற் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றவர். சேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்துப் பழகியவர். இத்தொடரோ நாள்தோறும் ஓர் அங்கமாக, நேரடி ஒளிபரப்பைப் போலவே இடைநிறுத்தமின்றிப் பதிவு செய்யப்பட்டது. திருத்துதல் செலவு மிக்கதாகலின் பிழைகள் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டன. சுவர் ஆடிற்று, பேய் மாளிகையிலே ஒலிவாங்கியின் நிழலும் ஓர் ஆவியைப்போல வந்து போயிற்று. (நாடகத்தின் பெயருக்கு அது பொருத்தமே.) பாடத்தை மனனஞ் செய்வதிற் பிரிட் இடர்ப்பட்டார். அடுத்த சொல்லைத் தேடி அவர் கண்கள் கலங்கும், குரல் தயங்கும், பேச்சு இடையில் அறுந்து மீண்டும் தொடங்கும். தேர்ந்த விமரிசகன் இதனைக் குற்றம் என்பான். இரசிகனோ அத்தயக்கத்தை நடிகனுடையதாகக் கொள்ளவில்லை. மறைபொருள் ஒன்றை நெஞ்சிற் சுமந்து, சொல்லவும் மாட்டாமல் சொல்லாதிருக்கவும் மாட்டாமல் நிற்கும் பார்னபசினுடையதாகக் கொண்டான். நாடகத்திற் செய்வோன் கொண்ட மெய்ப்பாடு காண்போன்பாற் சென்று சேரும் எனப் பழைய உரைகாரர் கூறுவர். ஈண்டு காண்போன் கொண்ட மெய்ப்பாடு செய்வோன்பாற் சென்று அவன் குறையை நிறைவாக்கியது. இது வெறும் மயக்கமன்று. படைப்பிற் பங்கு கொள்ளுதலாம்.

இதற்குச் சான்றாக 1970ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தைக் காட்டலாம். அங்கே கேர்ட்டிஸ் தம் முதற் கருத்தை நிறைவேற்றினார். அதே நடிகர், அதே மாளிகை, ஆயின் பார்னபஸ் கொடியவன், இறுதியில் அழிகின்றான். படம் அச்சமூட்டுகின்றது, பிறிதொன்றும் செய்யவில்லை. அதுபோலவே, தொடரின் இறுதி மாதங்களிற் பிரிட் பார்னபசை விடுத்துப் பிரம்வெல் என்னும் சாபமற்ற மனிதனாக நடித்தார். முன்னரே சரியத் தொடங்கியிருந்த ஆதரவு மீளவில்லை. இரசிகர் விரும்பியது பேயை மட்டும் அன்று. நடிகரை மட்டும் அன்று. தன் தீமைக்குத் தானே நாணும் ஒருவனை.

இதுவரை கூறியவை இரசிகன் பக்கத்து நியாயம். அதற்கு மாறாக வைக்கத்தக்க பெயர் ஒன்று உண்டு. அது மாகி எவன்ஸ்.

மாகி ஓவியர் ஒருவரின் மகள். உணவுச்சாலையிற் பணிசெய்து வாழ்பவள். 1967ஆம் ஆண்டிலே பார்னபஸ் அவளைக் கவர்ந்து சென்று, பழைய மனையிற் சிறைவைத்து, “நீ மாகியல்லை, ஜோசெட்” என்று கூறி, அவளது பெயரையும் நினைவையும் பறிக்க முயல்கின்றான். அவள் இணங்காதபோது கொல்லவும் துணிகின்றான். சாராவின் ஆவி வழிகாட்டத் தப்பிச்செல்லும் அவள் சித்தங் கலங்கி மருத்துவமனை சேர்கின்றாள். பழியோ பணியாளன் வில்லிமீது சுமத்தப்படுகின்றது. இக்காட்சிகள் கறுப்பு வெள்ளையிற் பதிவானவை. இன்று காண்போரையும் நடுங்கச் செய்வன. மாகிக்கு நினைவு திரும்புகின்றது. தன்னைச் சிறைவைத்தவன் பெயரைச் சொல்ல வாயெடுக்கின்றாள். அவ்வேளையில் அவளது வைத்தியராகிய யூலியா ஹொப்மன் அறிதுயிலில் ஆழ்த்தி, அந்நினைவை முற்றாக அழித்துவிடுகின்றாள். யூலியாவுக்கு முதலில் ஆராய்ச்சியின்மேல் ஆசை. பின்னர் பார்னபசின்மேல் ஆசை. அந்நாள் முதல் மாகி அவனைக் கண்ணியமிக்க அயலவனாகவே கருதிச் சிரித்துப் பேசுகின்றாள்.

கதையினுள்ளே யூலியா மாகிக்குச் செய்ததைக் கதை இரசிகனுக்குச் செய்தது. 1795ஆம் ஆண்டின் துயரங்கள் அனைத்தும் காட்டப்பட்ட பின்னர், மாகியின் சிறையிருப்பை யாரும் எடுத்துரைப்பதில்லை. எழுத்தாளர் எடுத்துரைத்தால் நாயகன் நிலைக்கமாட்டான். எனவே அவர் எடுத்துரையார். இரசிகனும் வினாவுவதில்லை. அவன் இரங்குவது தவறன்று. இரங்குவதற்கு மறத்தல் வேண்டும் என்று அவன் எண்ணியதே தவறு. ஒதெல்லோவுக்காக அழுபவன் தெஸ்திமோனாவை மறந்து அழுவதில்லை. அவளை நினைந்தே அவனுக்கும் அழுகின்றான். பார்னபசின் நாணம் பொருளுடையதாவது மாகி நினைக்கப்படும்போது மாத்திரமே. அவள் மறக்கப்பட்டால் அவன் எதற்காக நாணுகின்றான்? ஜோசெட்டாகவும் மாகியாகவும் நடித்தவர் கத்ரின் லீ ஸ்கொற் என்னும் ஒரே நடிகையே. ஜோசெட்டின் மரணத்துக்கு அழும் இரசிகன் அதே முகத்தை அருகில் வைத்துக்கொண்டு அதற்கு இழைக்கப்பட்டதை மறந்தான் என்பது விந்தை. இவ்வாய்ப்பைப் பயன்படுத்த ஐந்தாண்டுக் காலத்தில் ஒருவரும் முன்வராமை இந்நாடகத்தின் பெருங்குறை எனல் வேண்டும்.

மறதி இவ்விரசிகரின் இயல்பு என்று கூறுதற்கும் இடமில்லை. தொடர் முடிவுற்ற பின்னரும் அவர்கள் கலைந்துவிடவில்லை. 1983ஆம் ஆண்டு முதல் விழாவெடுத்துக் கூடினர். அவர்தம் ஆர்வத்தாலேயே தொடர் மறு ஒளிபரப்புக் கண்டது. 2012ஆம் ஆண்டில் 131 வட்டுக்களாகப் பிணப்பெட்டி வடிவிலமைந்த பேழையில் வெளிவந்தது. பிரிட் காலமானதும் அதே ஆண்டில், ஏப்பிரில் மாதத்திலேயே. 1,225 அங்கங்களுள் 1,219ஆம் எண்ணுடையதன் படம் ஒன்றே இன்று இல்லை. ஒளிபரப்பாகியபோது பிடித்துவைத்த ஒலிப்பதிவு ஒன்று எஞ்சியிருந்தமையால், பிற அங்கங்களின் காட்சிகளை அதனோடு இணைத்து அக்குறையையும் ஒருவாறு நிரப்பினர்.

இரசிகருக்காக இந்நாடகத்தின் நினைவுகளை முதலில் நூலாக்கியோருள் ஒருவர் கத்ரின் லீ ஸ்கொற். அந்நூல் 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. கதையில் நினைவு அழிக்கப்பட்ட மாகியாக நடித்தவர் அவரே.