உறக்கத்துக்குள் ஒரு புயல்

மாரன் மரே என்றதும் இசை ரசிகர்களுக்கு நினைவுக்கு வருவது வயோலா த காம்பாவும், அதை வாசித்த அவரது வாழ்க்கையை ஒட்டி 1991இல் வெளிவந்த பிரெஞ்சுப் படமும்தான். அவர் எழுதிய நான்கு ஓபராக்களில் ஒன்றான 'அல்சியோன்', 1706 பிப்ரவரியில் பாரிஸில் அரங்கேறியது. இன்று அதன் புயல் காட்சியை மட்டும் பிரித்தெடுத்துக் கச்சேரிகளில் வாசிக்கிறார்கள். அப்படிப் பிரித்தால் புயலின் பொருளே போய்விடுகிறது என்பது என் கட்சி. கிரேக்கத் தொன்மமான அல்சியோனின் கதையைக் கவிஞர் ஓவிட் சொல்லும்போது, கணவன் சேயிக்ஸ் கடலில் மூழ்குவதை முதலில் நாம் பார்த்துவிடுகிறோம். மனைவிக்குக் கனவு வருவது அதன் பிறகு. ஓபராவுக்குப் பாடல் நாடகம் எழுதிய ஹூதார் த லா மோத் இந்த வரிசையைக் கலைத்தார். ஜூனோவின் கோயிலில் அல்சியோன் கண்ணயர்கிறாள். நித்திரைத் தேவன் வருகிறான். கப்பல் உடைவதை அவளது கனவுக்குள்தான் நாமும் காண்கிறோம். மரே அங்கே முதலில் தருவது தாலாட்டும் மெல்லிசை. காது அந்த இதத்துக்குப் பழகிய பிறகுதான் கடல் பொங்குகிறது. தோலை இறுக்காமல் தொய்வாக விட்ட முரசுகள் ஓயாமல் உருள்கின்றன. அடியில் டபுள் பாஸ் உறுமுகிறது. மேலே வயலினின் உச்சத் தந்தியும் ஓபோவும் கீறுகின்றன. நடுவில் நிம்மதியாக நிற்க ஒரு சுரம்கூட இல்லை.

இதெல்லாம் மேடை எந்திரங்களுக்குத் துணைபோகும் ஓசை ஜாலம்தானே என்று கேட்கலாம். அன்றைய பாரிஸ் ரசிகர்கள் அந்த ஜாலத்துக்காகவும் வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் வெறும் ஜாலம் என்றால், மூன்றாம் அங்கத்தில் மாலுமிகள் குதூகலமாகக் கிளம்பும் துறைமுகத்துக்கு அடுத்தே புயலை வைத்திருக்கலாம். ஹூதாரும் மரேயும் அதை ஒரு பெண்ணின் பயத்துக்குள் வைத்தார்கள். மந்திரவாதி ஃபோர்பாஸின் சூழ்ச்சிகள் கதையைத் தொய்ய வைக்கின்றன என்ற குறையை நான் மறுக்கவில்லை. கடைசியில் நெப்டியூன் வந்து காதலரை உயிர்ப்பிப்பது அவசர முடிவு என்பாரும் உண்டு. அதை ஏற்க மாட்டேன்: கடலால் போன உயிரைக் கடலரசனே திருப்பித் தருவதில் இந்தக் கதைக்கு உரிய நியாயம் இருக்கிறது.

2017இல் இசை நடத்துநர் ஜோர்டி சவாலின் தலைமையில் இந்த ஓபரா பாரிஸில் முழுமையாக மேடையேறியது. கேட்க விரும்புவோர் புயலை மட்டும் தேடிப் போக வேண்டாம். நான்காம் அங்கத்தை முதலிலிருந்து கேளுங்கள்.