அர்ப்பணிப்புக்கு அப்பால்

ஃபெருச்சியோ புசோனியின் 'இந்தியக் கற்பனை' என்ற தலைப்பைப் பார்த்து நம் ராகங்களைத் தேட வேண்டாம். அதில் வரும் இந்தியர், அமெரிக்கப் பூர்வகுடிகள். பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக எழுதப்பட்ட இப்படைப்பு 1914இல் பெர்லினில் அரங்கேறியது. பியானோ வாசித்தவர் புசோனியே. மெட்டுகளை அவர் எடுத்தது நதாலி கர்ட்டிஸ் தொகுத்த நூலிலிருந்து. படைப்பை அவருக்கே அர்ப்பணித்தும் இருக்கிறார்.

நதாலி, புசோனியிடம் பயின்ற நியூயார்க் பெண். பூர்வகுடிப் பிள்ளைகள் தங்கள் பாடல்களைப் பாட அரசுப் பள்ளிகளில் தடை இருந்த காலத்தில், அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடமே முறையிட்டவர். ஹோப்பி முதலான பல குடிகளிடம் போய்ப் பாடல்களைக் கேட்டு எழுதி, 1907இல் 'இந்தியரின் நூல்' கொண்டுவந்தார். முகப்பில் அது பூர்வகுடிகளின் கொடை என்றே இருக்கிறது. தன்னைப் பதிவுசெய்தவராகவும் பதிப்பித்தவராகவும் மட்டுமே அவர் குறித்துக்கொண்டார்.

மேதையின் நிழலில் மறைந்த ஒரு பெண்ணை மீட்டுவிட்டோம் என்று நாம் இங்கே நின்றுவிடலாம். நிற்கக் கூடாது என்பதே என் வாதம். நதாலியின் நூலில் மக்காச்சோளம் அரைக்கும் பாடல்கள் உண்டு. மண்டியிட்டு, கல்மேல் கல்லைத் தள்ளி அரைத்த பெண்களின் பாட்டு அது. கை போய் வரும் வேகமே அதன் தாளம். காதால் கேட்டதை ஐரோப்பியச் சுரக்குறிகளில் எழுதியபோதே குரலின் குழைவு கொஞ்சம் உதிர்ந்திருக்கும். இப்படி எழுதப்பட்ட மெட்டுகள்தான் புசோனியின் கைக்கு வந்தன. அவர் அவற்றுக்கு இசைவொலிகளைச் சேர்த்தார். பியானோ கலைஞரின் விரல் வித்தைக்கு இடம் கொடுத்தார். நடுப்பகுதி அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகில் யாருக்கும் கை வலிக்கவில்லை.

நதாலியின் நூல், பாடியவர்கள் பலரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. புசோனியின் படைப்பில் எஞ்சியது நதாலியின் பெயர் மட்டும். குடியிலிருந்து நூலுக்கு, நூலிலிருந்து அரங்குக்கு என்று பாட்டு நகர நகரப் பெயர்கள் குறைகின்றன. எழுதத் தெரிந்த, குருவை நேரில் அறிந்த பெண்ணின் பெயர் தங்குகிறது. அரைத்துக்கொண்டே பாடியவளின் பெயர் போய்விடுகிறது.

மறக்கப்பட்ட பெண்களை ஆய்வில் தேடும் மாணவிகளுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒருத்தியைக் கண்டெடுத்ததும் பணி முடிவதில்லை. அவள் யாரிடம் கேட்டு எழுதினாள் என்பதே அடுத்த கேள்வி. புசோனியைக் கேளுங்கள். கேட்டு முடித்ததும் நதாலியின் நூலைத் திறந்து, பாட்டின் பக்கத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள்.