வகுப்பறையிற் பிறந்த இசை

கலை மக்களுக்காகவே என்னும் கோட்பாட்டைப் பற்றிய விவாதம் நம்மிடையே முடிந்துவிட்டதாகப் பலரும் எண்ணுகின்றனர். ஆயின் அக் கலை எங்கே பிறக்கிறது, யார் யாரோடு கூடியிருந்து கற்றுப் பிறக்கிறது என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்டதில்லை. படைப்பை எடுத்ததும் அதில் உழைப்பாளி வருகிறானா, அநீதி சாடப்படுகிறதா என்று தேடுகிறோம். வந்துவிட்டால் முற்போக்கு என்று முத்திரை குத்தி அப்பால் நகர்கிறோம். இம் முத்திரைப் பழக்கம் எத்துணை மேலோட்டமானது என்பதை, நம் வாசகரிற் பலர் இசையென்றே ஒப்ப மறுக்கக்கூடிய ஒரு பிரித்தானிய மின்னிசைக் குழுவின் வரலாறு காட்டி நிற்கிறது. ஏஷியன் டப் பவுண்டேஷன் என்பது அக் குழுவின் பெயர். முதன்முறை கேட்டபோது நாமும் காதைப் பொத்தினோம். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

1993 ஆம் ஆண்டின் லண்டனை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் ஸ்டீபன் லோறன்ஸ் என்னும் கறுப்பின மாணவன் பஸ் தரிப்பிடத்தருகே வெள்ளை இளைஞராற் குத்திக் கொல்லப்பட்டான். செப்டெம்பரில், வங்காளிகள் செறிந்து வாழும் கிழக்கு லண்டன் டவர் ஹம்லட்ஸ் பகுதியில், மில்வோல் வட்டாரத்து இடைத்தேர்தலில் இனவெறிக் கட்சியொன்றின் வேட்பாளர் நகரசபை உறுப்பினராகத் தேர்வானார். அந்நாட்களிலே பாரிங்டன் என்னுமிடத்தில், கொம்யூனிற்றி மியூசிக் என்ற சமூக இசை நிலையத்தில், தெற்காசியப் பிள்ளைகளுக்குக் கணினி இசைக் கருவிகளைக் கையாளக் கற்பிக்கும் கோடைகால வகுப்பொன்று நடந்தது. ஆசிரியர் அனிருத்த தாஸ். அவருக்குத் துணையாக நின்றவர் ஜோன் பண்டிற். கற்க வந்தவர்களுள் பள்ளிப் பருவம் தாண்டாத வங்காளிச் சிறுவன் தீதர் ஸமான் ஒருவன். ஆசிரியரும் துணையாசிரியரும் மாணவனும் சேர்ந்து இனவெறிக்கு எதிரான கூட்டங்களில் வாசிக்கத் தொடங்கியதே குழுவின் தோற்றம். அடுத்த ஆண்டு ஸ்டீவ் சந்திரா சவாலே கிற்றாருடன் வந்து சேர்ந்தார்.

ஆசிரியனும் மாணவனும் ஒரே மேடையில் சரிநிகராக நிற்பது நம்மவர்க்குப் புதிதன்று. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரை நினைத்துக்கொள்க. பகலில் வயலில் நின்றவனை இரவில் களரிக்கு அழைத்து, மத்தளத்தைத் தட்டித் தட்டி, எழுத்தறியாதவன் வாயிலும் நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஏற்றி, அரங்கேற்றத்தன்று தாமும் ஒரு பக்கத்தில் மத்தளத்தோடு நிற்பார். கூத்தின் உயிர் அந்த ஓரிரவில் இல்லை. பழகிய மாதங்களிலே இருக்கிறது. இதைப் புரிந்தவருக்கு இந்த லண்டன் குழுவைப் புரிந்துகொள்வது கடினமன்று.

அவர்களின் ஓசையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். உருவத்தை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் பேசுவது திறனாய்வாகாது. டப் என்பது ஜமெய்க்காவிற் பிறந்த முறை. பாட்டிலிருந்து பாடகனின் குரலைக் களைந்து, அடித்தாளத்தையும் மந்த ஒலியையும் மேலே தூக்கி, எதிரொலிகளால் வெளியை நிரப்புவது அது. அனிருத்த தாஸின் மந்தக் கிற்றார் இம் மரபைச் சார்ந்தது. அதன்மேல் லண்டன் இளைஞர் நடனக் கூடங்களில் அக்காலத்தில் ஓங்கியிருந்த ஜங்கிள் என்னும் அதிவேகத் தாளம் கணினியிலிருந்து வந்து விழும். சவாலேயோ தம் கிற்றாரின் தந்திகள் அனைத்தையும் ஒரே சுரத்துக்கு இழுத்துக் கட்டி, மின்னொலியைக் கரகரக்கச் செய்து, கத்தியால் மீட்டினார். நம் தம்புராவின் இடையறாச் சுருதி இயந்திரச் சாலையின் நடுவே இருந்து கேட்டால் எப்படியிருக்குமோ அப்படி. இவற்றுக்கு ஊடே சிறுவன் தீதரின் குரல், சண்டைச் சேவல்போல் கழுத்தை நீட்டிக்கொண்டு. இது கலப்பிசையன்று. ஐரோப்பியக் கடைகளில் கீழைத்தேயத்து நறுமணமாகச் சிதாரைத் தெளித்து விற்கும் பண்டங்களுக்கும் இதற்கும் பகை. ஒன்றோடொன்று இசைந்துபோகாத வாழ்வுகள் ஒரே வீதியில் இருக்கும்போது எழும் ஓசை இது.

1995 இல் வந்த அவர்களின் முதல் முழு இசைத்தட்டிலே வங்கக் கவி நஸ்ருல் இஸ்லாமின் ‘பித்ரோகி’ கவிதையை ஆதாரமாகக் கொண்ட பாட்டு ஒன்று உண்டு. பிரித்தானிய ஆட்சி சிறையிலடைத்த கவிஞனை, அதே பிரித்தானியத் தலைநகரில், அவ்வாட்சியின் மொழியிலே, பேரப்பிள்ளைகள் பாடினர். பாரதியை விழாமேடையில் மாலை போட்டு இருத்திவிட்டு வரும் நமக்கு இதிற் கற்க ஏதோ இருக்கிறது.

குழுவின் சிறந்த தட்டு 1998 இல் வெளிவந்தது. பிரான்சில் முந்திய ஆண்டே வெளியாகி வரவேற்புப் பெற்ற பாட்டுகளைத் திருத்திப் பெரிய கொம்பனியொன்று இங்கிலாந்தில் வெளியிட, மேர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. இடதுசாரி ரசிகர் பெரிதும் கொண்டாடுவது இத் தட்டின் முதற் பாட்டை: ‘நக்சலைட்’. 1967 இன் நக்சல்பாரி உழவர் எழுச்சியைப் பாடுவது. கேட்டால் இரத்தம் சூடேறும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தட்டிலே நலிந்த பாட்டு அதுவென்றே நாம் கருதுகிறோம். எழுச்சி நடந்து முப்பதாண்டு கழிந்து, ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் நின்று, ஆயுதமேந்தியவன் வாயாற் பாடுகிறது அது. அந்த உழவன் யார், எந்த நிலம், என்ன வாரம், பின்பு அவன் குடும்பத்துக்கு நடந்தது என்ன என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. துவக்கைப் பாடிய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை வன்னியிலுள்ள நாம். அவற்றுள் நல்லிசையும் இருந்தது, பாடியவரிடம் நேர்மையும் இருந்தது. போனவனைப் பாடிய அப் பாட்டுகளுக்கு, அவன் போனபின் வீட்டிலிருந்த தாயிடம் சொல்ல மட்டும் ஒன்றும் இருக்கவில்லை. தோழர் சிலர் இதைப் பின்வாங்கல் என்பர். என்க.

அதே தட்டில் ஏழாவதாக வரும் பாட்டைப் பாருங்கள். சத்பால் ராம் என்பவர் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த உழைப்பாளி. 1986 இல் உணவகமொன்றில் வெள்ளையர் கும்பலொன்று அவரைத் தாக்கியது, உடைந்த கண்ணாடியாற் குத்துண்ட அவர், தொழிலுக்கு வைத்திருந்த சிறு கத்தியால் தற்காத்துக்கொண்டார், தாக்கியவன் இறந்தான். கொலைக் குற்றம் சாட்டி ஆயுள் தண்டனை விதித்தனர். வங்காளி மொழி பேசிய சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே வழக்கு நடந்ததென்று அவருக்காகப் போராடியோர் கூறினர். மொழி கற்பிக்கும் நமக்கு அந்த ஒரு செய்தி போதும். பாட்டின் தலைப்பே அவரை விடுதலை செய்யென்னும் கோரிக்கை. அதிலே வரலாற்று நாயகர் இல்லை; ஒரு பெயர், ஒரு வழக்கு, ஒரு வேண்டுகோள். குழு போன ஊரெல்லாம் அப் பெயர் போயிற்று. வழக்கறியாத நடனக்கார இளைஞர் அப் பெயரைக் கூவக் கற்றனர். 2002 இல் அவர் வெளியே வந்தார். பாட்டுத்தான் கதவைத் திறந்ததென்று சொல்லும் அசட்டுத்தனம் நமக்கில்லை. சட்டத்தரணிகளும் இயக்கத்தவரும் ஆண்டுக்கணக்காக உழைத்தனர், அவ்வுழைப்பின் ஒரு கையாகப் பாட்டு இருந்தது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலிற் படங்களோடு அமர்ந்த தாய்மார் சொன்னதும் பெயர்கள்தாம். எங்கள் கவிஞரோ ‘அன்னை’ என்றும் ‘மண்’ என்றும் எழுதிக்கொண்டிருந்தனர்.

2000 இல், புகழின் உச்சியில், தீதர் குழுவை விட்டு விலகினார். தனிக்குரல் ஒன்றை நம்பிய குழுவானால் அத்தோடு அது முடிந்திருக்கும். ஆனால் 1998 அளவில் அவர்கள் தமக்கென்றே ஒரு கல்வி அமைப்பை நிறுவி இளைஞர்க்குப் பயிற்சியளிக்கத் தொடங்கியிருந்தனர். வெற்றிடத்தை நிரப்பிய குரல்கள் அவ்வகுப்புகளோடு தொடர்புடையவை. 2002 இல் அரச பட்டமொன்று தேடிவந்தபோது பண்டிற் அதை மறுத்தார். பாரிஸ் புறநகர் இளைஞரின் வாழ்வைச் சொல்லும் ‘லா ஏன்’ படத்துக்கு 2001 இல் அரங்கிலேயே நேரடியாகப் புதிய இசை வாசித்தமை அக்காலத்துச் சாதனை.

பின்னைய ஆண்டுகளைச் சுருங்கச் சொல்லலாம். 2006 இல் இங்கிலாந்தின் தேசிய இசைநாடக அரங்குக்காக லிபியத் தலைவர் கடாபியைப் பற்றி ஓர் இசைநாடகம் செய்தனர். விமர்சகர் பெரும்பாலும் அதை வரவேற்கவில்லை. நமக்கு அதில் வியப்புமில்லை. கூட்டத்தின் குரலாயிருந்த இசையைத் தனியொரு சர்வாதிகாரியைச் சுற்றி ஆடவிட்டால் அது கால் தடுக்கத்தான் செய்யும். ஆசிரியர் தாஸ் அக்காலத்தில் விலகி, சில ஆண்டுகளின் பின் திரும்பினார். 2020 இல் வந்த தட்டிலே நகைச்சுவையாளர் ஸ்ருவேட் லீயின் பேச்சை வைத்துக் கட்டிய பாட்டு, குடியேறியோரைத் தூற்றுவோரை அவர்கள் வாயாலேயே நையாண்டி செய்தது. பழைய கூர்மை அதிற் சற்றே திரும்பியது.

இதையெல்லாம் வகுப்பிற் சொன்னபோது பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: “சேர், மாயாவும் எங்கட ஆள்தானே?” எம்.ஐ.ஏ. என்னும் மாயா அருட்பிரகாசத்தைக் கேட்டான். ஈரோஸ் இயக்க நிறுவனருள் ஒருவரும் ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவருமான அருளரின் மகள். லண்டனிற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மீண்டும் லண்டன் சென்றவர். 2009 பெப்ரவரி 8 இல், நிறைமாதக் கர்ப்பிணியாக, அமெரிக்காவின் கிராமி விருது மேடையில் பாடினார். அதே நாட்களில் ஸ்கந்தபுரத்திலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் இடம்பெயர்ந்த எம் மக்கள் சுதந்திரபுரம், மாத்தளன் பக்கங்களிற் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்தனர். எங்கள் துயரத்தை விற்றார் என்று அவரை ஏசுவோருடன் நாம் சேரமாட்டோம். பெரியோர் பலர் வாய்மூடியிருக்கையில் அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எம் மக்களைப் பற்றிப் பேசினார். அவரது திறமையும் பெரிது. ஆனால் அக் குரலுக்குப் பின்னால் ஒரு களரி இல்லை. கமரா அவர் முகத்தைவிட்டுத் திரும்பியபோது பேச்சும் திரும்பிவிட்டது.

“எங்கட ஆள்தான்” என்றே அப் பையனுக்கு விடை சொன்னோம். பிறகு 1998 இன் அந்தத் தட்டைக் கடைசிவரை ஓடவிட்டோம். நக்சல்பாரியோடு தொடங்கும் அது, ஜோன் ஸ்டீவன்ஸ் என்பவருக்கான அஞ்சலியோடு முடிகிறது. ஆங்கிலேயரான அவர் ஜாஸ் மேளக்காரர். 1983 இல் அந்தச் சமூக இசை நிலையத்தைத் தொடங்கியோருள் ஒருவர். 1994 இல் இறந்தார்.